வெளியே கேட்காத பாட்டு

சட்டிப்பாறைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் புத்தியை ஊரில் யாரும் குறை சொன்னதில்லை. குறையெல்லாம் வாத்தியார்களைப் பற்றித்தான். தலைமையாசிரியர் பூவலிங்கம் தங்கமான மனிதர். ‘தலை போகிற வேலை’ என்று யாராவது சொன்னால், தலையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பார்.

அவருக்கு ஒரு கவலை வந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பாட்டுப் பீரியடில் போடும் கூச்சல் ரோடு வரை வருகிறது என்று யாரோ புகார் சொல்லிவிட்டார்கள். கல்வி அதிகாரி சிவஞானம், “பாட்டு வகுப்புச் சத்தம் இனிமேல் வெளியே கேட்டால் பாட்டு டீச்சரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவேன். வியாழக்கிழமை நானே வருகிறேன்” என்று சொல்லிவிட்டார். செல்வராணி டீச்சர் போய்விட்டால் பிள்ளைகள் அழுவார்கள். பூவலிங்கம் அவர்களை முந்திக்கொண்டு அழுவார். அவருக்குப் பாட்டு என்றால் அவ்வளவு ஆசை.

வியாழக்கிழமை பார்த்து டீச்சர் வந்த பஸ் வழியில் நின்றுபோனது. போனில் சொன்னார்: “சார், நான் வர்ற வரைக்கும் பிள்ளைகளைப் பாட வைங்க. கூச்சல் போட்டா கையைத் தூக்குங்க, அடங்கிருவாங்க. வெளியே மட்டும் கேக்காமப் பாத்துக்கிடுங்க.”

பூவலிங்கம் கையைத் தூக்கினார். வகுப்பு கப்சிப். இறக்கினார். கூச்சல் கிளம்பியது. இறக்குவதில்தான் கோளாறு என்று கண்டுபிடித்து, தூக்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டார். வலி எடுத்ததும் கணக்கு வாத்தியார் ஆதிமூலம் ஒரு கம்பைக் கொண்டுவந்து கைக்கு முட்டுக்கொடுத்தார்.

“சத்தம் நின்னுட்டு சார். பாட்டும் நின்னுட்டே.”

“பாடினா வெளியே கேக்குமே.”

“யாருக்குக் கேக்கும்?”

“வெளியே நிக்கிறவங்களுக்கு.”

ஆதிமூலம் மோவாயைத் தடவினார். “வெளியே ஒருத்தருமே இல்லைன்னா?”

பூவலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இப்பேர்ப்பட்ட மூளை வெறும் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து வீணாகிறதே என்று நினைத்தார்.

உடனே வேலை நடந்தது. சத்துணவுச் சமையல்காரம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். ரேஷன் கடை வரிசையை வரிசை கலையாமல் அழைத்து வந்தார்கள். ஐஸ்காரர் வண்டியோடுதான் வருவேன் என்றார்; வண்டியோடு வந்தார். ஆடு மேய்க்கும் பிச்சாண்டியும் வந்தார். ஆடுகள் வெளியே நின்றன.

“ஆட்டுக்கும் காது இருக்கே,” என்றார் பூவலிங்கம்.

“ஆடு புகார் சொல்லாது சார்.”

“சொல்லாது. ஆனா வெளியே கேக்கக்கூடாதுன்னுதான் அதிகாரி சொன்னாரு. யாருக்குன்னு சொல்லலையே.”

நியாயமான பேச்சு. ஆடுகளும் உள்ளே வந்தன. இடம் போதவில்லை. பிள்ளைகளை எழுப்பி, வாசலில் புங்கமரத்தடியில் உட்காரச் சொன்னார்கள்.

அந்நேரம் அதிகாரி பைக்கில் வந்து இறங்கினார். “வெளியே நிக்காதீங்க சார், கேட்டுரும்,” என்று ஆதிமூலம் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். ஐஸ் பெட்டிக்கும் ஒரு கறுப்புக் கிடாவுக்கும் நடுவில் அதிகாரிக்கு இடம் கிடைத்தது. கிடா அவர் சட்டைக் கையைத் தின்று பார்த்தது. பூவலிங்கம் கம்போடு கையை இன்னும் உயர்த்தினார். ஆடுகள் அடங்கவில்லை. டீச்சர் இவற்றுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது என்று வருத்தப்பட்டார்.

இதற்குள் செல்வராணி ஒரு ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தார். மரத்தடியில் பிள்ளைகளைப் பார்த்தார், ஜன்னலில் ஆடுகளைப் பார்த்தார். கையை உயர்த்திப் பிள்ளைகளை அடக்கி, பாட்டை ஆரம்பித்தார்.

“பாட்டு வகுப்பு எங்கேய்யா?” என்று அதிகாரி தொண்டை கிழியக் கேட்டார்.

“இப்ப வெளியே நடக்குது சார்,” என்றார் பூவலிங்கம்.

“இங்கே ஒண்ணும் கேக்கலையே.”

ஆதிமூலம் தொண்டையைச் செருமிக்கொண்டார். “வகுப்பு அங்கே இருக்கிறதால, வகுப்புக்கு வெளியேங்கிறது இந்த ரூம்தான் சார்.”

அதிகாரி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். மே, மே என்பதைத் தவிர வேறு சத்தமில்லை. அவர் முகம் தெளிந்தது. “உண்மைதான். துளிகூடக் கேக்கலை. டீச்சர் இங்கேயே இருக்கட்டும். ஆடுகளும் வகுப்புத் தவறாம வரணும்.”

அவர் போனதும், ஆடுகளை வகுப்புக்கு அனுப்பும்படி பூவலிங்கம் பிச்சாண்டியைக் கெஞ்சாத குறையாகக் கேட்டார். பிச்சாண்டி யோசித்தார்.

“அனுப்புதேன் சார். ஆனா இந்தக் கறுப்புக் கிடாவுக்கு நாலு வயசு ஆச்சு. அதைப் போயி மூணாம் கிளாஸுல உக்கார வைக்கிறது மரியாதையா?”

பூவலிங்கம் நெடுநேரம் கிடாவின் முகத்தையே பார்த்தார். பிறகு சொன்னார்:

“நாலாம் கிளாஸுல சேர்த்துருவோம். கணக்குல மட்டும் கொஞ்சம் கஷ்டப்படும்.”