நின்றபடி நடந்த கூட்டம்

அன்று ஆஸ்பத்திரி ஆலோசனைக் குழுவுக்கு வந்தவர்கள் தலைமை மருத்துவர் சுந்தரவதனம், இரண்டு டாக்டர்கள், தலைமை நர்ஸ், என்ஜினீயர், கிளார்க், மக்கள் சார்பில் தபால்காரர் மரியதாஸ், இட்லிக்கடை ராக்கம்மாள், ஆக எட்டுப் பேர்.

கூட்டம் தொடங்குமுன்பே, கர்ப்பிணிகள் வரிசையில் உட்காரப் பெஞ்சு வேண்டும் என்று கேட்டாள் ராக்கம்மாள்.

“பத்து நிமிஷம் நிக்கறதுக்குப் பெஞ்சா? நின்னா உடம்புக்கு நல்லதும்மா,” என்று சிரித்தார் தலைமை மருத்துவர்.

“அந்த நல்லது நமக்கும் கிடைக்கட்டுமுங்க. இன்னைக்குக் கூட்டத்த நின்னே நடத்துவோம்,” என்று அவள் எழுந்தாள். மற்றவர்களும் எழுந்துவிட்டதால் அவரும் எழவேண்டியதாயிற்று.

வரவேற்புரை பாதிகூட முடியவில்லை. தலைமை மருத்துவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

“ஐயாவுக்கு இது எத்தனாவது மாசமுங்க?” என்றாள் ராக்கம்மாள்.

தானும் சிரித்துவிட்ட தலைமை மருத்துவர் பெஞ்சுக்கு உத்தரவு எழுதச் சொன்னார். கூட்டம் முடியும்வரை மீதி ஏழு நாற்காலிகள் காலியாகவே இருந்தன.