ராசா தின்னாத மாசம்

ஒரு ஊர்ல, மலையடிவாரத்துல, ஒரு மான் பட்டி இருந்துச்சாம். சுத்திக் கம்பி வேலி, உள்ள காட்டு மானுங்க. அதுங்க எந்த மாசம் என்ன திங்குது, எப்பக் கொம்பு விழுது, எப்பக் குட்டி போடுதுன்னு பாத்துப் படிக்கத் திலகேஸ்வரின்னு ஒரு பொண்ணு வந்தாளாம். கேக்குறியா? ம், கேளு.

அதுல ஒரு கெடா மானு. கிளை கிளையாக் கொம்பு, முதுகெல்லாம் புள்ளி. அதுக்கு ராசான்னு பேரு வச்சா. படிக்க வந்தவ பேரு வைக்கலாமா? வச்சுட்டாளே! மழைக்காலத்துல பச்சப்புல்லு, பனிக்காலத்துல ஆலந்தழைன்னு அவ எதப் போட்டாலும் ஓடியாந்து கரக் கரக்னு திங்கும்.

அப்புறம் ஆனி மாசம் வந்துச்சு. ஒருநாள் ராசா தீனியத் தொடல. மோந்து பாத்துட்டு, தலையச் சிலுப்பிக்கிட்டுப் போயி, "ஆவ்... ஆவ்..."னு கத்துச்சு. ஒரு உசுரு சாப்பிடாமக் கெடந்தா நம்ம பொம்பளைங்களுக்குத் தாங்காதே!

அப்போ இளம்புல்லா அறுத்துப் போட்டா. திங்கல. அகத்திக்கீரை கட்டித் தொங்கவிட்டா. ம்ஹூம். அப்புறம் நாவப்பழத்த உள்ளங்கையில வச்சு, "ஒண்ணே ஒண்ணு தின்னுடா, என் ராசால்ல"ன்னு கெஞ்சுனா. அது அவ பக்கம் திரும்பவே இல்ல. விலா எலும்பு தெரிய ஆரம்பிச்சுது.

தீனி போடுற சடையாண்டியும், "நோவுதாம்மா. விட்டா செத்துரும்"னாரு.

"வலை போட்டுப் புடிங்கண்ணே. கஞ்சியாவது ஊத்துவோம்"னா.

அப்புறம் என்ன? ஆளுங்க வலைய விரிச்சாங்க. தடதடதடன்னு ஓடுச்சு. டமார்னு வேலியில முட்டி, வலையில விழுந்துச்சு. அவ அது தலையத் தூக்கி மடியில வச்சுக்கிட்டா. நெஞ்சு திடுதிடுதிடுன்னு அடிச்சுது. அப்புறம் மெதுவா அடிச்சுது. அப்புறம் அடிக்கவே இல்ல. ஊத்துன கஞ்சி வாயோரமா ஒழுகிப் போச்சு.

தூங்கிட்டியா? ம்... சரி.

அப்போ மாட்டு டாக்டர் வந்து பாத்தாரு. "நோவு ஒண்ணும் இல்லம்மா. இது ஜோடி தேடுற காலம். அந்த நெனப்புல சரியாத் திங்காது, எளைக்கும், அப்புறம் தானாத் தேறிரும். பயத்துலதான் செத்திருக்கு"ன்னாரு.

எந்த மாசம் என்ன திங்கும்னு படிக்க வந்தவளுக்கு, ஒண்ணும் வேணாம்னு நிக்கிற மாசமும் ஒண்ணு உண்டுன்னு தெரியாமப் போச்சு பாரு. "என் கையாலயே கொன்னுட்டேனே அண்ணே"ன்னு தேம்பித் தேம்பி அழுதா. பாவம்.

அம்புட்டுத்தான் கண்ணு கதை. இன்னைக்கு நீயும் சோறு வேணாம்னு தட்டத் தள்ளிட்டே. உங்கம்மா ஊட்டியே தீருவேன்னு நின்னா, நான்தான் "விடுடி"ன்னேன். பசிச்சா எழுப்பு. இப்பத் தூங்கு.