சாமிக்குக் கண்ணாடிப் பெட்டி

சங்குச்சாமி இன்னும் சாகவில்லை. அதற்குள் அவரை அளவெடுக்கக் கண்ணாடிக்காரர் வந்து நின்றார். கூட்டிவந்தவன் வேறு யாருமில்லை, தலைச்சீடன் மாசிலாமணிதான்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. ஆற்றுக்கு அக்கரை மடத்தில், காலமான சாமியாரின் உடம்புக்கு மருந்தேற்றிக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்திருந்தார்கள். பஸ் பஸ்ஸாக ஜனம் போய்ப் பார்த்தது. அமாவாசைக்கு இங்கே வருகிற கூட்டமும் அங்கே திரும்பிவிட்டால் மடம் பாழாகிவிடும் என்று மாசிலாமணிக்குப் பயம். சாமியை விட்டுப் பிரியவும் மனசில்லை. சாமியோ வில்வமரத்தடியில் தன் குழிக்கு இடம் காட்டிவிட்டார். வழக்கப்படி உட்காரவைத்து, திருநீறும் உப்பும் கொட்டி மூடிவிட வேண்டும். அதற்கப்புறம் ஒருத்தர் கண்ணிலும் படக்கூடாது.

"கண் நிறையப் பார்த்துக்கிட்டே இருக்கணும்னுதானே சாமி கேட்கிறோம். அதுல என்ன தப்பு?" என்றான் மாசிலாமணி.

சாமி கோபப்படவில்லை. கண்ணாடிக்காரருக்கு மோர் கொடுத்து அனுப்பச் சொன்னார். மறுநாள் அமாவாசை. கூடத்தில் தன்னுடைய பலகையில் அவனைப் போய் உட்காரச் சொன்னார். யார் என்ன செய்தாலும் அசையக்கூடாது, வாய் திறக்கக்கூடாது, அவ்வளவுதான்.

இதென்ன பிரமாதம் என்று உடம்பெல்லாம் திருநீறு பூசிக்கொண்டு போய் உட்கார்ந்தான்.

முதலில் கும்பிட்டார்கள். ஆள் அசையவில்லை என்று தெரிந்ததும் பயம் விட்டுப்போயிற்று. மூச்சு வருகிறதா என்று ஒருத்தி மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தாள். இவன் என்ன சாதியாக இருப்பான் என்று இரண்டு பேர் முகத்தைப் பார்த்தே பேசித் தீர்த்தார்கள். ஒருவன் தோளில் கைபோட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டான். வேட்டி விலகித் தொடை தெரிந்தது. அதை இழுத்துவிட ஒரு கை நீளவில்லை, சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. அட, மனுஷ ஜென்மங்களா! மாசிலாமணி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அப்போது வரிசையில் அவனுடைய அக்கா வந்தாள். அவன் காவி கட்டிய நாளிலிருந்து அவனைப் பார்க்காதவள்.

"இப்படி இளைச்சுப் போயிட்டியேடா தம்பி" என்று கன்னத்தைத் தொட்டாள்.

"பார்த்தாச்சுல்ல, நகரும்மா" என்று வரிசை பார்க்கிற ஆள் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். அப்படித் தள்ளச் சொல்லிப் பழக்கியதே மாசிலாமணிதான்.

அவன் எழுந்துவிட்டான். கூட்டத்தை இடித்துக்கொண்டு வாசல்வரை ஓடினான். அவள் எந்தப் பக்கம் போனாள் என்றே தெரியவில்லை. அப்படியே திரும்பிச் சாமியின் அறைக்குள் போய் அவர் காலடியில் விழுந்து அழுதான்.

"என்னால முடியல சாமி. எழுந்து வந்துட்டேன்."

சாமி அவன் தலைமேல் கைவைத்தார்.

"நீ எழுந்து வந்துட்டே. நான் எப்படிடா வருவேன்?"