பூசைக்கு வைத்த வெண்டைக்காய்

மில் தொழிலாளர்கள் குடியிருந்த தெருவின் கடைசியில் ஒரு சின்ன மடம் இருந்தது. நடுவில் ஒரு சாமியாரின் சமாதி, அதன்மேல் ஒரு லிங்கம், பின்னால் சமையல்கட்டு, மேலே மொட்டை மாடி. மடம் என்பது அவ்வளவுதான்.

மடத்தை நடத்திய வேலாத்தாளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் நாச்சிமுத்து அறுபதைத் தாண்டியவர். மகள் வயதுப் பெண்ணை அவர் 'அம்மா' என்பார், அந்த அம்மா அவரை 'அய்யா' என்பார். தெருவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. அவர்கள் இருவருக்கும் அப்படித் தோன்றியதில்லை.

நாச்சிமுத்து மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய காலத்தில் ஒரு ஆணிகூட அவருக்குத் தெரியாமல் வெளியே போனதில்லை என்று பெருமையாகச் சொல்லுவார். மடத்துக்கு வந்ததும் மளிகை வைக்கும் உக்கிராண அறையின் சாவியைக் கேட்டு வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். சமையல்கார மயிலாத்தாளுக்கு ஒரு பிடி கடுகு வேண்டுமென்றாலும் எதற்கு என்று கேட்பார். தாளிக்கத்தான் என்பாள் அவள். அந்தப் பதிலில் அவருக்கு முழுத் திருப்தி வந்ததில்லை.

கார்த்திகையில் சமாதியில் இருக்கும் சாமியாருக்குக் குருபூஜை. தெருவே வந்து சாப்பிடும். காய்கறியைச் சந்தையில் மண்டி வைத்திருந்த ஆறுச்சாமி அனுப்பிவைப்பது வழக்கம். ஒரு வருஷம் அவர் அனுப்பிய கத்திரிக்காயில் பாதி சொத்தையாக இருந்தது. நாச்சிமுத்து மூட்டையை வாசலிலேயே பிரித்து, பூசைக்கு வந்திருந்த எல்லோருக்கும் முன்னால் பூச்சியைக் காட்டினார். கூடவே வந்திருந்த ஆறுச்சாமியின் முகம் சுருங்கியது. அத்தோடு விட்டிருக்கலாம்.

"அடுத்த பூசைக்கு உங்க காய் வேண்டாமுங்க. நாங்களே வெளைய வெச்சுக்கறோம்," என்றார் நாச்சிமுத்து.

ஆறுச்சாமி சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்தார். "ரொம்ப சந்தோசமுங்க. நான் வந்து மொதப் பந்தியிலயே உக்காந்துக்கறேன். வெறுஞ்சோத்தைப் போட்டு எந்திரிக்க வெச்சறாதீங்க."

தெரு மொத்தமும் கேட்டது. நாச்சிமுத்து அதுவரை விதை என்ற ஒன்றைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

விஷயம் அம்மாவிடம் போனது. அவர் கோபிக்கவில்லை, புத்தியும் சொல்லவில்லை. மண்ணு எங்கே இருக்கு என்று மட்டும் கேட்டார்.

மண் உண்மையிலேயே இல்லை. சமையல்கட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் இரண்டு பாத்தி கட்டலாம். மிச்சத்துக்கு மொட்டை மாடிதான். நாச்சிமுத்து மில்லில் பழைய பெயின்ட் டிரம்களைக் கேட்டு வாங்கி வந்து, தேய்த்துக் கழுவி, வரிசையாக அடுக்கினார். போதாததற்கு வாய் உடைந்த மண்பானைகளையும் வைத்தார். ஆற்றோரத்திலிருந்து வண்டல் வந்தது, மாட்டுக்காரர்கள் வீட்டிலிருந்து எரு வந்தது. ஆடியில் வெண்டை, கொத்தவரை, பீர்க்கை, கத்திரி என்று கைக்குக் கிடைத்த விதையையெல்லாம் போட்டார்.

தண்ணீரில்தான் அவர் ஒரு காரியம் செய்தார். மடத்தில் லிங்கத்துக்குத் தினமும் பால், தயிர், தேன் அபிஷேகம் உண்டு. அந்தத் தீர்த்தத்தை யாரும் மிதிக்கக்கூடாது. அதனால் அதைத் தொட்டியில் பிடித்துத் துளசி மாடத்தில் ஊற்றுவார்கள். சாமி மேல் பட்ட தண்ணீர் இருக்கும்போது குழாய்த் தண்ணீர் எதற்கு என்று நினைத்த நாச்சிமுத்து, அத்தனையையும் சுமந்துபோய் டிரம்களில் ஊற்றினார். எறும்பு வந்தது. ஈ வந்தது. பிறகு நாற்றம் வந்தது. செடி மட்டும் வரவில்லை.

"சாமி தீர்த்தத்துக்கே மொளைக்கலீங்களேம்மா," என்று வந்து நின்றார்.

அம்மா மாடிக்கு வந்தார். ஒரு டிரம்மை முகர்ந்து பார்த்தார். "சாமி பால் குடிப்பாருங்கய்யா. வெண்டைவெதை குடிக்காது," என்றார்.

அதோடு விடாமல் ஆணியும் சுத்தியலும் கொண்டுவரச் சொன்னார். நாச்சிமுத்து பதறிப்போனார். ஓட்டை இல்லாத டிரம்களாகத் தேடிப் பொறுக்கி எடுத்தவர் அவர். ஒழுகும் டிரம்மை மில்லில் வாசலோடு திருப்பி அனுப்பியவர். அம்மா அடிப்பக்கத்தில் ஆணியை வைத்து ஓங்கி அடித்தார். புளித்த தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு ஓடியது. நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் மற்ற டிரம்களுக்கு அவரே ஓட்டை போட்டார், வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே.

மண்ணை மாற்றி மறுபடி விதைத்தார். இந்த முறை குழாய்த் தண்ணீர்.

முளைத்தது.

அந்தக் காலையை அவர் எப்படிக் கொண்டாடினார் என்று தெருவில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். ஒரு வெண்டை விதை மண்ணைத் தள்ளிக்கொண்டு இரண்டு இலையை நீட்டியிருந்தது. அதைப் பார்க்க மயிலாத்தாளை அடுப்பிலிருந்து இழுத்துவந்தார். பால்காரரை மாடி ஏற்றினார். எதிர்வீட்டுக் கல்யாணப் பெண்ணைக்கூட விடவில்லை. பெற்ற பிள்ளைகள் பிறந்தபோது ஷிப்டில் இருந்துவிட்டேன், இதையாவது கண்ணால் பார்த்தேன் என்று சொல்லி மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிக்க வந்தவர்கள் சிரிக்காமல் இறங்கிப் போனார்கள்.

புரட்டாசி முடிவதற்குள் மாடி அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. வெண்டை மஞ்சளாகப் பூத்தது. பீர்க்கை கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்த்தது. பாத்தியில் கத்திரி பூ வைத்தது. வெண்டையில் விரல் நீளத்துக்குக் காய் தொங்கத் தொடங்கியதும் மயிலாத்தாள் சாம்பாருக்கு நாலு காய் கேட்டாள்.

நாச்சிமுத்து குறுக்கே நின்றுவிட்டார். மடத்தில் விளைகிற முதல் காய் குருவுக்குத்தான் போக வேண்டும், அதற்குமுன் ஒரு நாக்கில் படக்கூடாது என்பது அவர் கட்சி. குருபூஜைக்கோ இன்னும் ஒரு மாதத்துக்குமேல் இருந்தது. அதுவரை? செடியிலேயே இருக்கட்டும் என்றார். செடியில் இருந்தால் வாடாது, அழுகாது, எலி தொடாது. இதைவிட நல்ல கிடங்கை எந்த மில்லும் கட்டியதில்லை என்று மயிலாத்தாளுக்கு விளக்கினார். அவள் வெறும் பருப்பை வேகவைக்கப் போனாள்.

அவர் காலையும் மாலையும் மாடிக்குப் போய்க் காய்களைக் கண்ணால் தடவிவிட்டு வந்தார். கிளி வராமல் பழைய வேட்டியைக் கட்டினார். காய்கள் நீண்டன, தடித்தன, பெரிதாயின. நாச்சிமுத்துவுக்கு நெஞ்சு கொள்ளாத பூரிப்பு. ஆறுச்சாமியின் இலையில் இவை விழுவதை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டார்.

பிறகு ஒருநாள் காலை, செடிகளில் ஒரு பூகூட இல்லை. மறுநாளும் இல்லை. புது மொட்டும் இல்லை. கொத்தவரையும் அப்படியே நின்றுவிட்டது.

அவர் அம்மாவிடம் ஓடினார். "நான் ஒண்ணுகூடத் தொடலீங்கம்மா. அத்தனையும் குருவுக்குன்னுதான் வெச்சிருக்கறேன். அப்புறமும் ஏனுங்கம்மா பூவு நின்னுபோச்சு?"

அம்மா மாடி ஏறினார். இருப்பதிலேயே பெரிய வெண்டைக்காயைப் பறித்து அவர் கையில் கொடுத்தார்.

"நுனியை ஒடிங்க."

நாச்சிமுத்து ஒடித்தார். அது வளைந்தது. இன்னும் அழுத்தினார். நார் நாராகக் கிழிந்ததே தவிர ஒடியவில்லை.

"பழசு முத்திக் கெடந்தா புதுசு பூக்காதுங்கய்யா. கத்தி கொண்டாங்க," என்றார் அம்மா.

அவர் செடி செடியாக வந்தார். எல்லாவற்றையும் அறுத்தார். முற்றியது ஒரு கூடையில், பிஞ்சு ஒரு கூடையில். நாச்சிமுத்து பின்னாலேயே வந்தார். பூசைக்கு வெச்சதும்மா, பூசைக்கு வெச்சதும்மா என்று அவர் சொன்னது கத்தியின் காதில் விழவில்லை. மாடி மொட்டையாகிவிட்டது. நாச்சிமுத்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அம்மா பிஞ்சு ஒன்றை எடுத்துப்போய்ச் சமாதியில் வைத்துக் கும்பிட்டார். திரும்பி வந்து, "குருவுக்குப் பூசையன்னிக்கு மட்டுமா பசிக்கும்?" என்றார். முற்றியதை மாட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார். பிஞ்சுக் கூடையை நாச்சிமுத்துவின் மடியில் வைத்து, வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவருக்குக் கொடுக்கச் சொன்னார்.

கொடுத்தே பழக்கமில்லாத கை. முதல் ஆளுக்கு இரண்டு காயை நீட்டி ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அடுத்து வந்தது ஆறுச்சாமியின் மண்டியில் மூட்டை தூக்குகிறவன். பூசைக்கு முன்னாலேயே தீர்த்துவிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டே அவன் ஒரு பிடி அள்ளிப்போனான். மத்தியானத்துக்குள் சந்தை முழுக்கச் செய்தி பரவியது. நாச்சிமுத்துவுக்கு அவமானத்தில் சோறு இறங்கவில்லை. ஆனால் அம்மா சொன்னதை மீறிப் பழக்கமும் இல்லை.

அன்றிலிருந்து, காய் விரல் நீளம் வந்தால் பறித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. பறித்ததை அன்றே கொடுத்துவிட வேண்டும். சில நாள் ஒன்றுமே இல்லை, வெறுங்கூடையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். ஐப்பசி மழை பெய்தது. ஒரு காலை கணுவுக்குக் கணு புதுக் கிளை விட்டிருந்தது. அதற்கடுத்து மொட்டு. அதற்கடுத்து, அவருக்கே பயம் வருகிற அளவுக்குப் பூ.

பறித்தார். மறுநாள் வந்தது. அதையும் பறித்தார். அதற்குமேல் வந்தது. மயிலாத்தாள் கேட்காமலேயே அவளுக்குக் காய் கிடைத்தது. தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் மடத்து வெண்டைக்காய் வதங்கியது. காய் வாங்கிப்போனவர்கள் சாம்பலும் எருவும் கொண்டுவந்து மாடியில் கொட்டிவிட்டுப் போனார்கள். எப்போது என்று யாருக்கும் தெரியாது, உக்கிராணச் சாவி அவர் இடுப்பிலிருந்து அடுப்படி ஆணிக்கு மாறியிருந்தது.

பூஜைக்கு முந்தைய சாயங்காலம் பறித்தது மூன்று அண்டா பிடித்தது. இரண்டு அண்டாதான் மடத்தில் இருந்தது, மூன்றாவதை எதிர்வீட்டில் வாங்கினார்கள்.

ஆறுச்சாமி சொன்னபடி முதல் பந்தியில், முதல் இலையில் வந்து உட்கார்ந்தார். நாச்சிமுத்து தானே வாளியைத் தூக்கிக்கொண்டார். இலையில் வெண்டைக்காய்ப் பொரியல் விழுந்தது. பீர்க்கங்காய்க் கூட்டு விழுந்தது. கொத்தவரங்காய் உசிலி விழுந்தது. சோற்றின் மேல் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு விழுந்தபோது இலையில் இடமில்லை. தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

ஆறுச்சாமி ஒரு வாய் சாப்பிட்டார். இது எந்தத் தோட்டத்துக் காய் என்று கேட்டார். நாச்சிமுத்து மேலே கையைக் காட்டினார். நம்பாமல், பச்சைக் காய் ஒன்று இருந்தால் காட்டச் சொன்னார். மயிலாத்தாள் கூடையோடு வந்து நின்றாள்.

மண்டியில் யாராவது வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்தால் ஆறுச்சாமி வசைபாடுவார். அந்த ஆறுச்சாமி இடது கையால் ஒரு காயை எடுத்து நுனியை ஒடித்தார். 'டக்' என்ற சத்தம் கடைசி இலை வரைக்கும் கேட்டது.

"என்ற மண்டிக்கு இப்பிடி ஒரு காய் வந்ததில்லீங்க," என்றார். பிறகு பொரியலை இன்னொரு தடவை கேட்டார், அப்புறம் இன்னொரு தடவை. தெரு சிரித்த சிரிப்பில் அவரும் சேர்ந்துகொண்டார். புறப்படும்போது காய்கறி வியாபாரியின் கையில் நாச்சிமுத்து ஒரு பை காய்கறியைக் கொடுத்தனுப்பினார். அதை வாங்கும்போது ஆறுச்சாமி இரண்டு கையையும் நீட்டினார்.

ஐந்து பந்தி நடந்தது. ஒரு இலைகூடக் காய் இல்லாமல் எழவில்லை.

மறுநாள் முழுக்க மடத்துக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நாச்சிமுத்து வாசலில் உட்கார்ந்து 'டக்' சத்தத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பால்காரருக்குச் சொன்னார். எருக் கொண்டுவந்தவருக்குச் சொன்னார். ஏற்கெனவே பந்தியில் இருந்தவர்களுக்கும் சொன்னார். அவர்களும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டார்கள்.

சாயங்காலம் அம்மா விளக்கேற்ற வந்தபோது, நாச்சிமுத்து காலடியில் விழுந்து கும்பிட்டு எழுந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு, கண்ணில் தண்ணீர்.

"சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேனுங்கம்மா. இந்த ஒரு நாள் போதும் எனக்கு. இதை வெச்சுக்கிட்டே மிச்சக் காலத்தை ஓட்டிருவேனுங்க."

அம்மா திரியைத் தூண்டிவிட்டு, மாடிப் பக்கம் பார்த்தார்.

"இன்னைக்குப் பறிச்சாச்சுங்களா, அய்யா?"