பிறை சொன்ன சேவல்

அந்தக் காலத்தில் சேவலும் பேசும், பூனையும் பேசும். மனிதர்களும் பேசினார்கள்; ஆனால் அவர்கள் பேசியதில் பாதி சண்டைதான். அதிலும் சங்குத்துறை என்ற கடலோர ஊரில், மாதம் பிறக்கும்போதெல்லாம் கூடவே ஒரு சண்டையும் பிறக்கும்.

மாதம் இருபத்தொன்பதில் முடிகிறதா, முப்பதில் முடிகிறதா என்பதைப் பிறைதான் சொல்ல வேண்டும். இருபத்தொன்பதாம் நாள் சூரியன் இறங்கியதும் மேற்கே மெல்லிசாக ஒரு கீற்று தெரிந்தால் புது மாதம். தெரியாவிட்டால் முப்பதை முழுசாக்க வேண்டும். கேட்க எவ்வளவு எளிதாக இருக்கிறது! ஆனால் மேலத்தெருக்காரர் "பார்த்தேன்" என்பார். கீழத்தெருக்காரர், "உம்ம கண்ணுக்கு மட்டும் தனியா வந்து சலாம் சொல்லிட்டுப் போச்சாக்கும்" என்பார். பேச்சு முற்றும், தோளில் கிடந்த துண்டு தரையில் விழும். அதற்குள் பிறை பனங்காட்டுக்குப் பின்னால் இறங்கிவிடும். இவர்கள் பேசி முடிக்கிறவரைக்கும் கைகட்டி நிற்க, அது என்ன இவர்கள் வீட்டு மருமகளா?

ஊரின் மார்க்க விவகாரங்களைத் தீர்த்துவைத்த காஜியார் சாதுவான மனிதர். சத்தம் அவருக்கு ஆகாது. ஒரு நாள் ஊரைக் கூட்டி, தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"தினமும் தவறாமல் விடியலைச் சொல்கிறது யார்? சேவல். விடியலைச் சொல்கிறவனுக்குப் பிறையைச் சொல்ல வராதா? இனிமேல் சேவல் கூவினால் பிறை. கூவாவிட்டால் இல்லை."

எல்லாரும் தலையாட்டினார்கள். வேலையை இன்னொருவர் தலையில் கட்டும்போது நம் ஆட்கள் எவ்வளவு வேகமாகத் தலையாட்டுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாததா? அந்தச் சேவலிடம் "உன்னால் முடியுமா?" என்று கேட்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சும்மா ஒன்றும் இல்லை. வேலைக்குத் தக்க சலுகையும் உண்டு. பிறை சொல்லும் சேவலை எந்த விருந்துக்கும் அறுக்கக் கூடாது என்று தீர்மானம் ஆயிற்று. இது சாதாரணச் சலுகை அல்ல. சங்குத்துறைக்காரர்களுக்கு ஒரு கோழியைப் பார்த்தால் முதலில் ஞாபகம் வருவது இஞ்சியும் பூண்டும்தான். அந்தச் சேவலின் அண்ணன் தம்பிகள் ஐந்து பேர் ஏற்கெனவே நெய்ச்சோற்றுக்குத் துணையாகப் போயிருந்தார்கள்.

சேவலின் பெயர் கொண்டையான். நெய்னா என்பவரின் மனைவி ஜெய்த்தூன் வளர்த்த சேவல். மழைக்காலத்தில் தாய்க்கோழி கைவிட்ட முட்டையை எடுத்து, அடுப்புக்குப் பக்கத்தில் தவிட்டுக் கூடையில் வைத்துப் பொரிக்கவைத்தவள் அவள். பதவி வந்த பிறகு கொண்டையான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். சாயங்காலமானால் நிலைப்படியில் இடித்துக்கொள்வான், தண்ணீர்ச் சட்டியில் காலை விடுவான். "பதவி வந்ததும் கண் மண் தெரியலை பாரு" என்று ஜெய்த்தூன் திட்டுவாள்.

கண்தான் தெரியவில்லை. கோழி இனத்துக்கே மாலைக்கண். பொழுது சாய்ந்தால் கொண்டையானுக்குப் பனைமரமும் பள்ளிவாசல் மினாராவும் ஒன்றுதான். வெளியே சொன்னால் பதவி போகும். பதவி போனால் கழுத்தும் போகும்.

அதனால் அவன் கண்ணை விட்டுவிட்டுக் காதைப் பிடித்துக்கொண்டான். இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் பள்ளிவாசல் மதிலில் ஏறி, மேற்கே பார்ப்பதுபோல் கழுத்தை நீட்டி நிற்பான். மாடியில் துணி எடுக்கிற யாராவது, வலையை மடிக்கிற யாராவது, வானத்தைப் பார்த்துவிட்டு "அதோ!" என்பார்கள். அந்தச் சொல் காதில் விழுந்த மறுநொடி கொண்டையான் கூவுவான். கத்தியவரே "அட, சேவலும் பார்த்துட்டான்" என்று சந்தோஷப்பட்டுக்கொள்வார். இப்படியே மாதங்கள் ஓடின. ஊரும் மெல்ல மெல்ல மேற்கே பார்ப்பதை விட்டுவிட்டது. அதற்குத்தான் ஆள் போட்டாயிற்றே!

ரமலான் மாதம் வந்தது. இருபத்தொன்பதாவது நோன்பு. ஆண்கள் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சியை முடித்து, மாலை மஃரிபு தொழுது, முற்றத்தில் உட்கார்ந்து சேவலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீடுகளில் பெண்களுக்கு அடுப்பை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. நாளைக்கு நோன்பென்றால் விடியலுக்கு முன் சாப்பிடும் சஹருக்குச் சோறும் குழம்பும். பெருநாளென்றால் இறைச்சி, மசாலா, வட்டலப்பம், நாற்பது பேருக்கு விருந்து. இது தெரியாமல் ஒரு வெங்காயம்கூட உரிக்க முடியாது.

ஜெய்த்தூன் நோன்பு திறந்து தொழுதுவிட்டு, கையில் அகப்பையோடு கஞ்சியை ஊற்றிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஞாபகம் வந்தது. மாடியில் காயப்போட்ட சீலாக் கருவாடு! அகப்பையோடு படியேறி ஓடினாள். அங்கே பூனை ஒன்று, இருந்ததில் பெரிய துண்டை வாயில் கவ்விக்கொண்டு கைப்பிடிச் சுவரில் நடந்துகொண்டிருந்தது.

"அதோ! அதோ போகுது! அதோ!" என்று ஜெய்த்தூன் கத்தினாள்.

பள்ளிவாசல் மதிலிலிருந்து, "கொக்கரக்கோ! பிறை! பிறை!" என்று கொண்டையான் கூவினான்.

அவ்வளவுதான். முற்றத்தில் பெருநாள் தக்பீர் முழங்கியது. தெருவில் அம்மிகள் ஓடத் தொடங்கின. மருதாணிக்கு அடிதடி. கட்டிப்பிடித்துக் கண்ணீர்விட்டவர்கள்கூட உண்டு. ஜெய்த்தூன் மட்டும் மாடியிலேயே நின்று மேற்கே பார்த்தாள். வானம் துடைத்துவைத்த தாம்பாளம் மாதிரி இருந்தது. மேகம் ஒரு துண்டு இல்லை. பிறையும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். இல்லை. இருட்டிக்கொண்டு வரும்வரை நின்றாள். இல்லவே இல்லை.

கீழே இறங்கினாள். நெய்னா அதற்குள் பள்ளியிலிருந்து வந்து புதுச் சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், நீங்க பிறை பார்த்தீங்களா?"

"கொண்டையான் பார்த்தானே!"

"பள்ளியில வேற யாரு பார்த்தா?"

"எல்லாரும் கொண்டையானைத்தான் பார்த்தோம்."

"நல்லாப் பார்த்தீங்க! அங்க பிறை இல்லை. கத்துனது நான். பூனையைப் பார்த்துக் கத்துனேன்."

நெய்னா சட்டைப் பொத்தானைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஜெய்த்தூன், இதை வெளியே சொன்னா நம்ம சேவல் நாளைக்கு இருக்காது. பிறை சொல்லத் தெரியாத சேவலை யாரு விட்டுவைப்பாங்க? வாயை மூடிக்கிட்டிரு."

வாயை மூடிக்கொள்வது ஜெய்த்தூனுக்குப் பழக்கமில்லாத வேலை. ஆனாலும் அன்றைக்கு முயற்சி செய்து பார்த்தாள். ஒரு பக்கம் தவிட்டுக் கூடையில் அவள் கைச்சூட்டில் கண்திறந்த குஞ்சு. இன்னொரு பக்கம் ஒரு ஊரின் நோன்பு. நாளைக்குக் காலையில் எல்லாரும் நோன்பு நாளில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டே வாழ்த்துச் சொல்லிக்கொள்வார்கள். தெரிந்துகொண்டே அவளும் பரிமாற வேண்டும். முடியவில்லை. துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கையிலிருந்த அகப்பையைக் கீழே வைக்கவும் மறந்து, பள்ளிவாசல் வாசலுக்குப் போய் நின்றாள்.

"காஜியாரே! பிறை வரலை. தக்பீரை நிறுத்துங்க!"

கூட்டம் முணுமுணுத்தது. "சேவல் சொல்லியாச்சு தாயி. நீங்க என்ன புதுசா?" என்றார் ஒருவர். அவர் வீட்டில் அப்போதுதான் இரண்டு படி அரிசி ஊறப்போட்டிருந்தார்கள்.

"நான் கத்துனதைக் கேட்டுத்தான் அது கூவுச்சு. நான் கத்துனது பூனையைப் பார்த்து."

"சாட்சி உண்டா?" என்றார் காஜியார்.

மதிலடியில் உட்கார்ந்து மீசையை நக்கிக்கொண்டிருந்த பூனை தலையைத் தூக்கியது. "உண்மையைச் சொன்னா கருவாட்டைத் திருப்பிக் கேட்பீங்களா?"

"கேட்க மாட்டோம்."

"அப்படின்னா அந்த 'அதோ' எனக்குத்தான். உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு" என்றது பூனை.

காஜியார் மதிலைப் பார்த்துத் திரும்பினார். "கொண்டையா, நீ பார்த்த பிறையின் கொம்பு எந்தப் பக்கம் திரும்பியிருந்தது?"

"கொம்பா?" என்றான் கொண்டையான். "ஆட்டுக்குத்தானே கொம்பு?"

யாரோ சிரித்தார்கள். ஜெய்த்தூனுக்கு நிலைப்படியும் தண்ணீர்ச் சட்டியும் ஒரே நொடியில் புரிந்தன. மெதுவாகக் கையிலிருந்த அகப்பையை அவன் மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "அதோ!" என்றாள்.

"கொக்கரக்கோ! பிறை! பிறை!" என்று கொண்டையான் அகப்பையைப் பார்த்துக் கூவினான்.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அடங்கியதும் எல்லாருக்கும் கோபம் வந்தது. "ஏமாத்துக்காரன்!" என்றது ஒரு குரல். "சலுகையை ரத்து பண்ணுங்க!" என்றது இன்னொன்று. கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவர், சம்பந்தமே இல்லாமல், "இஞ்சி எங்க வீட்டுல இருக்கு" என்றார்.

கொண்டையானின் கொண்டை சரிந்துவிட்டது. "எனக்கு மாலைக்கண்" என்றான். "பொழுது சாய்ஞ்சா எதுவும் தெரியாது. இந்த வேலையை நானா கேட்டேன்? தெரியாதுன்னு சொன்னா சட்டி. தெரியும்னு சொன்னா பதவி. என் இடத்துல நீங்க இருந்தா எதைச் சொல்லியிருப்பீங்க?"

இஞ்சிக்காரர் இருமினார்.

ஜெய்த்தூன் அகப்பையைத் துப்பட்டிக்குள் இழுத்துக்கொண்டு கேட்டாள்: "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பிறை வரலைன்னா நாளைக்கு என்ன?"

"முப்பதாவது நோன்பு" என்றார் காஜியார்.

"அப்ப சஹருக்கு ஊரை எழுப்பப் போறது யாரு? நீங்களா? இவரா? இஞ்சி வச்சிருக்காரே, அவரா? அந்த நேரத்துல இவன் ஒரு நாளாவது தப்பாக் கூவியிருக்கானா? தெரிஞ்ச வேலைக்குச் சலுகை குடுக்காம, தெரியாத வேலைக்குக் குடுத்தது யாரு தப்பு?"

காஜியார் தாடியைத் தடவினார். ஒரு முறை தடவினார், இரண்டு முறை தடவினார்.

"தப்பு என்னுடையது" என்றார் கடைசியில். "அல்லாஹ் எனக்குக் கொடுத்த கண்ணை இடுப்பில் செருகிக்கொண்டு, இவன் கண்ணை இரவல் கேட்டேன். நாளைக்கு நோன்பு. இனிமேல் பிறையை அவரவர் கண்ணால் தேடுங்கள். பார்த்தேன் என்று வருகிறவரிடம் எங்கே, எந்தத் திசையில், எப்படி இருந்தது என்று கேட்காமல் விடமாட்டேன். சேவல் விடியலைச் சொல்லட்டும். கூவுகிறவரைக்கும் அவன் கழுத்துக்கு நான் பொறுப்பு."

"மறுபடியும் சண்டை வருமே காஜியாரே!"

"வரட்டும். முழிச்சுக்கிட்டிருக்கிறவங்கதானே சண்டை போடுவாங்க" என்றாள் ஜெய்த்தூன்.

அரைத்த மசாலாவை உப்புப் போட்டு மூடிவைத்தார்கள். மருதாணி வைத்த கைகளோடு சஹர் சாப்பிட்டார்கள். அன்றைக்கு விடியலுக்கு முன்பே கொண்டையான் கூவினான். கூவியது காதில் விழாமல் போயிருந்தால் என்னாவது என்று மறுபடி கூவினான். கழுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள இன்னொரு முறையும் கூவினான். அன்று சாயங்காலம் ஊர் முழுக்க மாடியில் நின்றது. பனங்காட்டுக்கு மேலே கீற்று வெள்ளையாகத் தெரிந்தபோது, கூட்டத்தில் நிற்காத ஒரே ஆள் கொண்டையான்தான்.

அன்று முதல்தான் வெளிச்சம் மங்கத் தொடங்கியதுமே, யாரும் எதையும் கேட்டுவிடுவதற்கு முன்னால், சேவல் கூண்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. விடிகாலையில் ஒரு கூவல் போதாதென்று நாலு முறை கூவுகிறது. மாதம் இருபத்தொன்பதானால் சனங்கள் தாங்களே மாடியேறி மேற்கே பார்க்கிறார்கள், ஒருவர் விரலை நீட்டினால் போதும், பக்கத்தில் நிற்கிற பத்துப் பேரும் அந்த விரலை நம்பாமல், "எங்கே? எங்கே?" என்று கேட்டுக்கொண்டே தங்கள் கண்ணால் தேடுகிறார்கள்.