மதகுக் காவல்

கோளரியன் ஒரு காலத்தில் கடற்படைத் தலைவர். தன் அரசருக்காகத் தீவு தீவாகப் பிடித்துக் கொடுத்தவர். அந்த வாழ்க்கை வெறுத்துப்போய், தன்னைவிட இளையவரான பூதியம்மையைக் குருவாக ஏற்று அவருடைய மடத்தில் வந்து தங்கிவிட்டார்.

ஒரு கோடையில் பக்கத்து ஊர் ஆத்திமேட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஏரித் தண்ணீரைப் பங்கிடுவதில் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் கைகலப்பு. யாராவது வந்து தீர்த்துவைக்க வேண்டும் என்றார்கள்.

"தீர்த்துவிட்டு வாருங்கள்" என்று கோளரியனை அனுப்பினார் பூதியம்மை.

அன்று மாலைக்குள் வழக்கு தீர்ந்தது. கோளரியன் திரும்பவில்லை. தான் கிளம்பினால் மறுபடி அடித்துக்கொள்வார்கள் என்று தோன்றியது. மதகுக்குக் காவல் போட்டார். காவலர்கள் சாப்பிட வேண்டுமே என்று வீடு வீடாகத் தானியம் வாங்கினார். தர மறுத்தவர்களின் வயலுக்குத் தண்ணீரை நிறுத்தினார். அதைப் பார்த்து அடுத்த ஊர்க்காரர்கள் முறைத்தபோது, காவலுக்கு ஆபத்து என்று அவர்களுடைய மதகையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

அறுவடை முடிந்து மடத்துக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. இரண்டு ஊரிலும் சண்டையே இல்லை, தன்னைக் கண்டால் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள் என்றார்.

பூதியம்மை பொறுமையாகக் கேட்டார். பிறகு, முதல் தீவை எப்படிப் பிடித்தீர்கள் என்று விசாரித்தார்.

பிடிக்கவே போகவில்லை என்றார் கோளரியன். மிளகு வாங்கத்தான் போனார்களாம். மிளகை வைக்க ஒரு கிடங்கு கட்டினார்கள். கிடங்கைக் காக்கக் கோட்டை. கோட்டைக்குச் சோறு போட அந்தத் தீவு. தீவைக் காக்க அடுத்த தீவு.

"தீவுக்காரர்களிடம் என்ன சொன்னீர்கள்?"

"நாங்கள் போய்விட்டால் நீங்கள் அடித்துக்கொண்டு சாவீர்கள் என்று..."

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் போய்க் காவலை எடுத்தார். மிச்சமிருந்த தானியத்தைத் திருப்பிக் கொடுத்தார். மதகுகளை அந்தந்த ஊரிடம் விட்டார். யாரும் அவருக்கு நன்றி சொல்லவில்லை. ஆனாலும் வரும் வழியெல்லாம் மனசு லேசாக இருந்தது.

மடத்து வாசலை மிதித்தவர் சட்டென்று நின்றார். ஏரிப் பக்கம் காது கொடுத்தார்.

"அம்மா, அங்கே சத்தம் கேட்கிறது. மறுபடி சண்டை போடுகிறார்கள்."

"யாருடைய ஏரிக்காக?"

"அவர்களுடைய ஏரிக்காகத்தான்."

"அப்படியானால் கை கழுவிக்கொண்டு வாருங்கள். சாதம் ஆறுகிறது."