மணலை விட்டு வந்த விதை

முன்னொரு காலத்தில் ஓர் அரசருக்குப் பூமாலைப் பித்துப் பிடித்தது. விழித்ததும் ஒன்று, கொலுமண்டபத்துக்கு ஒன்று, உறங்கப் போகும்போது ஒன்று. தாமரைக்கும் தாமரைக்கும் நடுவே நார் தெரிந்துவிட்டால் முகம் சுளிப்பார். அந்த இடைவெளியை நிரப்பத்தான் கடல் வணிகன் ஒருவன் ஒரு சிமிழ் கோழிக்கொண்டைப் பூ விதை கொண்டுவந்து கொடுத்தான்.

விதைக்கும் வேலையை அரசவை விகடன் சாத்தப்பன் கேட்டு வாங்கிக்கொண்டான். அவை கலைந்ததும் அவன் போவது ஆளில்லாத வீட்டுக்கு. பகலெல்லாம் பிறரைச் சிரிக்க வைத்த வாய்க்கு அங்கே வேலை இல்லை. கைக்காவது இருக்கட்டும் என்று நினைத்தான்.

அந்த விதை கடுகை விடப் பொடிசு. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டிப்போகும். ஆகவே தோட்டக்காரர்கள் வழக்கப்படி ஒரு சட்டி மணலில் கலந்து வைத்தான். அதை அமைச்சர் குணபூஷணர் பார்த்துவிட்டார். தாம் பேசும்போது கொட்டாவி விடும் அரசர், சாத்தப்பன் பேசினால் சிரிப்பது அவருக்கு நெடுநாள் எரிச்சல்.

மறுநாள் சட்டி அவைக்கு வந்தது.

"மகாராஜா! தாங்கள் தந்த விதையை இந்த ஆள் விற்றுத் தின்றுவிட்டார். பாருங்கள், வெறும் மணல்!" என்றார் குணபூஷணர்.

"விதை அதற்குள்தான் இருக்கிறது, பிரபு. தூவுவதற்காகக் கலந்தேன்" என்றான் சாத்தப்பன்.

"இருந்தால் பிரித்துக் காட்டட்டுமே! சல்லடையில் போட்டால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். எப்படிப் பிரிக்கிறார் என்று நாங்களும் பார்க்கிறோம்."

அன்று அரசரின் மாலை பாதியில் அறுந்திருந்தது. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

"சாத்தப்பா, பங்குனித் திருவிழாவுக்குள் மணலை விட்டு விதை தனியே வந்து என் கண்முன் நிற்க வேண்டும். இல்லையேல் நாட்டை விட்டுப் போய்விடு. அதுவரை அவைப் பக்கம் வராதே. உன்னோடு எவரும் பேசவும் கூடாது!"

சாத்தப்பன் சட்டியைத் தூக்கிக்கொண்டு அரண்மனைத் தோட்டத்தின் கடைசி மூலைக்குப் போனான். மண்ணைக் கொத்தி, சட்டியிலிருந்ததை அப்படியே பரப்பி, தண்ணீர் தெளித்தான். எறும்பு தூக்கிப் போகாமல் சுற்றிலும் சாம்பல் போட்டான். பிறகு உட்கார்ந்தான்.

காவலன் சோறு கொண்டுவந்து வைத்தான். "என்னப்பா, சோறுகூட உன்னைப் போல உம்மென்று இருக்கிறது?" என்றான் சாத்தப்பன். காவலன் உதட்டைக் கடித்தபடி திரும்பி நடந்தான். சாத்தப்பனின் நகைச்சுவைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்கள் அத்தனை பேரும் வேலிக்கு அப்பால் போனார்கள், வந்தார்கள். ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. அவைக்கு ஒரு குறையும் வந்ததாகத் தெரியவில்லை. விதை முளைக்காவிட்டால் வழியனுப்பவும் ஆள் இருக்காது என்பது அவனுக்குப் புரிந்தது. பாத்தியோ வெறுமையாகவே கிடந்தது. பேசிப் பழகிய தொண்டை கரகரத்தது.

திருவிழாவன்று அரசரும் அமைச்சரும் தோட்டத்துக்கு வந்தார்கள்.

"எங்கே விதை?" என்று அதட்டினார் அரசர்.

சாத்தப்பன் பாத்தியைக் காட்டினான். செந்தண்டுடன் பொடிப்பொடி நாற்றுகள் நெருக்கமாக எழுந்து நின்றன.

"மணலை விட்டு வந்து தங்கள் கண்முன் நிற்கின்றன, மகாராஜா. மணல் கீழேயே கிடக்கிறது. தாங்கள் சொன்னதற்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை."

குணபூஷணர் பாத்தியருகே குனிந்து பார்த்தார். "இன்னும் எத்தனை விதை மணலுக்குள் ஒளிந்திருக்கிறதோ!"

"இவ்வளவு தண்ணீர் ஊற்றியும் எழாதது எப்படி விதையாகும், அமைச்சரே? அதை மணல் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்."

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமினார். தம் தோள்வளையைக் கழற்றி அவன் கையில் மாட்டினார். "இன்னும் என்ன வேண்டும்? கேள்!"

"இந்த நாற்றைப் பிடுங்கி இடம்விட்டு நட வேண்டும், பிரபு. பூக்கும்வரை அமைச்சர் தினமும் மாலையில் வந்து தண்ணீர் ஊற்றட்டும்."

"என்னது!" என்று அலறினார் குணபூஷணர்.

"வாயை மூடிக்கொண்டு ஊற்றக் கூடாது. பேச வேண்டும். திட்டினாலும் சரி."

அரசருக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது. "அப்படியே ஆகட்டும்!"

அன்று மாலையே அமைச்சர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடமும் கையுமாக வந்தார். "அடேய், நீ உருப்படுவாயா? உன்னைப் பெற்றவள் எந்த நேரத்தில் பெற்றாளோ!" என்று தொடங்கினார்.

"நிறுத்தாதீர்கள் ஐயா" என்று சாத்தப்பன் நகர்ந்து, அவருக்கும் உட்கார இடம் விட்டான்.